தோற்ற பிள்ளைகள் எங்கே போனார்கள்?

அன்புள்ள ஐயா,

கோத்தகிரிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பள்ளி விட்டதும் ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். குகேஷ் உலக சாம்பியன் ஆன சமயத்தில் பதினாறு பேர் சேர்ந்தார்கள். நாக்அவுட் முறையில் ஒரு போட்டி வைத்தேன். அதன் பிறகு வருவது ஐந்தே பேர். ஜெயிப்பதும் எப்போதும் அதே இரண்டு பையன்கள். பெற்றோரோ, “இதனால் கணக்கில் மார்க் கூடுமா?” என்கிறார்கள். கோவையிலிருந்து பயிற்சியாளர் ஒருவரை வரவழைக்கலாமா?

— ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

பயிற்சியாளர் வேண்டாம். அவர் மலையேறி வந்தால் அந்த இரண்டு பையன்களுக்குத்தான் பாடம் நடக்கும். நீங்கள் தேட வேண்டியது வராமல் போன பதினொரு பேரை.

அவர்களை அனுப்பிவைத்தது உங்கள் போட்டிதான். பதினாறு பேருக்கு நாக்அவுட் வைத்தால் முதல் சுற்றிலேயே எட்டுப் பேர் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுவார்கள். குன்னூரில் வகுப்பு தொடங்கிய வருடம் நானும் இதைச் செய்தேன். முதல் ஆட்டத்தில் தோற்ற ஒரு சிறுமி, கறுப்பு ராணியை ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் அவள் தம்பி ராணியைக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் வரவேயில்லை.

சுவிஸ் முறைக்கு மாறுங்கள். 1895இல் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் நடந்த போட்டியில் முதன்முதலாகப் பயன்பட்டதால் அந்தப் பெயர். 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடும் இதே முறையில் 11 சுற்றுகள்தான். இதில் யாரும் வெளியேறுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கிட்டத்தட்ட சமமான புள்ளி உள்ளவர்களை எதிரெதிரே உட்கார வைப்பார்கள். மூன்றாம் சுற்றுக்கு வரும்போது, இரண்டு முறை தோற்றவளுக்கு எதிரே அதேபோல இரண்டு முறை தோற்ற ஒருவன் இருப்பான். டிரா ஆனால்கூட ஆளுக்கு அரைப் புள்ளி. பதினாறு பேருக்கு நான்கு சுற்று போதும். வாரத்துக்கு ஒரு சுற்று வையுங்கள்.

புதிதாக வருபவர்களுக்கு முழு ஆட்டம் வேண்டாம். பலகையில் சிப்பாய்களை மட்டும் அடுக்குங்கள். யாருடைய சிப்பாய் முதலில் மறுகரை சேர்கிறதோ அவருக்கு வெற்றி. பத்து நிமிடத்தில் முடியும், உடனே இன்னொன்று ஆடலாம். அந்த இரண்டு சூரர்கள் சின்னவர்களோடு ஆடும்போது ராணியை எடுத்து வைத்துவிட்டு ஆடட்டும். கௌரவக் குறைவு என்று முதலில் முறைப்பார்கள், பிறகு அதிலேயே ருசி கண்டுவிடுவார்கள்.

கணக்கு மார்க் பற்றி வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் நூறு பள்ளிகளில் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்றின் முடிவு 2016இல் வந்தது. செஸ் கற்ற பிள்ளைகளுக்கு ஒரு வருடம் கழித்து எழுதிய கணக்குத் தேர்வில் கூடுதல் பயன் ஏதும் தெரியவில்லை. பெற்றோரிடம் அதையே சொல்லுங்கள். மாலையில் பிள்ளை ஒன்றரை மணி நேரம் செல்போனைத் தொடாமல் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் அம்மாக்களுக்கு அது போதும்.

நம் மலையில் இன்னொரு சங்கடம் நேரம். மூடுபனி இறங்கி, தேயிலைத் தோட்டப் பாதையில் காட்டெருமை வந்து நிற்பதற்குள் பிள்ளைகள் வீடு சேர வேண்டும். ஆட்டம் பாதியில் நிற்கும். நிற்கட்டும். பெரிய போட்டிகளிலேயே ஒரு காலத்தில் முடியாத ஆட்டத்தை ஒத்திவைப்பார்கள். அடுத்த நகர்த்தலை ரகசியமாக எழுதி உறையில் ஒட்டி நடுவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். நானும் பழைய கல்யாணப் பத்திரிகை உறைகளை வைத்து அதைச் செய்தேன். காய்கள் இருந்த இடத்தை நோட்டில் குறித்துக்கொள்வேன். உறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காகவே மறுநாள் நாலு மணிக்கு முன்னால் கதவடியில் நிற்பார்கள்.

என்னிடம் இரண்டு செட் சும்மா கிடக்கின்றன, அனுப்பிவைக்கிறேன். ஒன்றில் மூன்று வெள்ளைச் சிப்பாய்கள் கிடையாது. கற்பூர மரத்துக் காய்களைப் பொறுக்கிப் போட்டிருக்கிறேன்.