கொல்கத்தாவின் யூதப் பெண்கள் பள்ளி: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

போன வாரம் பேச்சுவாக்கில், கொல்கத்தா பார்க் தெருவில் ஒரு யூதப் பெண்கள் பள்ளி இருக்கிறது, படிக்கிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பிள்ளைகள் என்று சொன்னேன். அதைப் பிடித்துக்கொண்டு ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். நான் அங்கே வேலை பார்த்தவன் இல்லை. அந்தப் பக்கம் சில வருடம் குடியிருந்தவன், அந்த ஊர் யூதர்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தவன், அவ்வளவுதான்.

திருச்சி ஆசிரியை ஒருவர்: யூத மாணவிகளே இல்லாத யூதப் பள்ளி எப்படி சார் வந்தது?

ஆரம்பித்தபோது இருந்தார்கள், டீச்சர். 1798-இல் அலெப்போவைச் சேர்ந்த ஷாலோம் கோஹன் என்ற வியாபாரி கல்கத்தாவுக்கு வந்தார். அவர் பின்னால் பாக்தாத் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். அதனால்தான் 'பாக்தாதி யூதர்கள்' என்ற பெயர். வீட்டில் அரபு பேசுவார்கள், அதையே ஹீப்ரு எழுத்தில் எழுதுவார்கள். அவுரி, பட்டு, அபின் எல்லாம் விற்றார்கள். அபினைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும்.

பெண் பிள்ளைகள் படிக்கப் போனது கிறிஸ்தவ மிஷனரிப் பள்ளிகளுக்கு. அங்கே மதம் மாற்றிவிடுவார்களோ என்ற பயம் பெற்றோருக்கு. அதனால் 1881-இல் தங்களுக்கென்று ஒரு பள்ளி வைத்துக்கொண்டார்கள். முதலில் போலாக் தெருவில், யூதர்கள் வழிபடும் பெத் எல் ஜெப ஆலயத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பார்க் தெருவுக்குப் போனது பிறகு. பையன்களுக்கு எலியாஸ் மேயர் பள்ளி என்று தனியாக ஒன்று.

மதுரையிலிருந்து: அப்புறம் மற்ற மதத்தினரைச் சேர்க்க ஆரம்பித்தது பெருந்தன்மையாலா, ஆள் இல்லாததாலா?

நேராகக் கேட்டுவிட்டீர்கள். ஆள் இல்லாததால்தான். இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவிலிருந்து தப்பி வந்தவர்களையும் சேர்த்து நகரத்தில் சுமார் 5,000 யூதர்கள் இருந்தார்கள். 1946 கலவரம், 1947 பிரிவினை, 1948-இல் இஸ்ரேல் என்று வரிசையாக வந்தது. இங்கிலாந்து, இஸ்ரேல், ஆஸ்திரேலியா என்று கிளம்பிவிட்டார்கள். இன்று முப்பது பேர்கூட இல்லை. பெஞ்சு காலியாகக் காலியாக மற்ற பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். ஆனால் மூடியும் விட்டிருக்கலாமே? மூடவில்லை. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

கீழக்கரையிலிருந்து ஒரு சகோதரி: முஸ்லிம் வீடுகளில் எப்படி பாய் சம்மதிக்கிறார்கள்?

(நான் பாய் இல்லை, இருந்தாலும் பரவாயில்லை.) பெண்கள் மட்டும் படிக்கும் இங்கிலீஷ் மீடியம் பள்ளி. அக்கம்பக்கம் முழுக்க முஸ்லிம் மக்கள் நெருக்கமாக வாழும் பகுதி. பள்ளி நடந்துபோகும் தூரத்தில் இருந்தால் பாதி முடிவு ஆகிவிடும். மீதிப் பாதிக்குக் காரணம், யூத மதம் ஆள் சேர்க்கும் மதம் இல்லை. யாராவது மாற விரும்பிப் போனாலே எளிதில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். மதம் மாற்றிவிடுவார்களோ என்ற பயத்தில் பிறந்த பள்ளி, இன்னொரு மதத்துப் பெற்றோருக்கு அந்தப் பயமே வராத இடமாகிவிட்டது. பிள்ளைகளின் சீருடையில் ஆறுமுனை தாவீது நட்சத்திரம் இருக்கும், சிலர் அதற்கு மேல் துப்பட்டா போட்டிருப்பார்கள்.

ஹீப்ரு சொல்லித் தருகிறார்களா?

முன்பு உண்டு. இப்போது படிக்க யூதப் பிள்ளை வேண்டுமே.

இஸ்ரேல், பாலஸ்தீனச் செய்திகள் சூடாகும்போது அங்கே பிரச்சினை வராதா?

ஒரு விஷயம் சொல்கிறேன். 1884-இல் கட்டிய மேகன் டேவிட் ஜெப ஆலயத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொள்வது ஒடிசாவிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பங்கள். விளக்குத் துடைப்பதும் பெருக்குவதும் அவர்கள்தான். உலக அரசியல் பற்றி அவர்களுக்குக் கருத்து இருக்காது என்று நான் சொல்லவில்லை. அதையும் இந்த வேலையையும் அவர்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்லை.

சென்னை வழக்கறிஞர் ஒருவர்: சிறுபான்மைப் பள்ளி என்றால் அந்தச் சிறுபான்மை மாணவர் இருக்க வேண்டாமா?

உங்களுக்கே தெரியும், வக்கீல் சார், என் வாயைக் கிளறுகிறீர்கள். அரசியலமைப்பின் 30(1) பிரிவு பேசுவது கல்வி நிறுவனத்தை 'நிறுவி நிர்வகிக்கும்' உரிமையைப் பற்றி. இங்கே யூதம் வகுப்பறையில் இல்லை, நிர்வாகத்தில் இருக்கிறது. சேர்க்கை விகிதம் பற்றி நீதிமன்றங்கள் நிறையப் பேசியிருக்கின்றன, அதை நீங்களே எழுதுங்கள்.

லண்டனிலிருந்து: இங்கேயும் இப்படிப் பள்ளிகள் உண்டா, அண்ணா?

லிவர்பூலில் கிங் டேவிட் உயர்நிலைப் பள்ளி. அங்கேயும் பெரும்பாலோர் யூதரல்லாத பிள்ளைகள்தான். இங்கிலாந்தில் அரசு நிதியில் நடக்கும் மதப் பள்ளி, இடம் கேட்பவர்கள் அதிகமானால்தான் தன் மதத்தாருக்கு முன்னுரிமை தரலாம். இடம் மிஞ்சினால் யார் கேட்டாலும் தர வேண்டும். உங்கள் ஊர் யூதப் பள்ளியான ஜே.எஃப்.எஸ். 1732-இல் தொடங்கியது, அங்கே கதை வேறு. கூட்டம் அலைமோதும். தாய் வழியில் யூதரா என்று பார்த்து ஒரு பையனுக்கு இடம் மறுத்தார்கள். தாய் யூத மதத்துக்கு மாறியவர்தான், ஆனால் அந்த மதமாற்றத்தை யூதர்களின் வைதிகத் தரப்பு ஏற்கவில்லை. 2009-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அது இனப் பாகுபாடு என்று தீர்ப்புச் சொன்னது. பிறப்பைப் பார்க்காமல் வழிபாட்டுக்கு வருகிறார்களா என்று பார்க்கும்படி ஆனது.

மெட்ராஸில் யூதப் பள்ளி இருந்ததா?

பள்ளி வைக்கும் அளவுக்குக் கூட்டம் சேரவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் வைரம், பவழம் விற்க வந்த போர்த்துகீசிய யூதர்கள் சிலர்தான். அவர்கள் கல்லறைகளில் மிஞ்சியவை லாயிட்ஸ் சாலையில் இருக்கின்றன.

கொல்கத்தா போனால் பள்ளியைப் பார்க்கலாமா?

பெண் பிள்ளைகள் படிக்கிற இடம், வேடிக்கை பார்க்க உள்ளே போகக் கூடாது. வாசல் பலகையைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுங்கள். ஜெப ஆலயத்துக்குப் போகலாம், அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு நியூ மார்க்கெட்டில் நஹூம் பேக்கரி, 1902-இல் தொடங்கியது. ஆனால் டிசம்பர் கடைசியில் மட்டும் வேண்டாம். யூதர் கடையில் கிறிஸ்துமஸ் கேக் வாங்க ஊரே வரிசையில் நிற்கும்.