ஒரே பாடல்கள், இரண்டு அட்டைகள்: கிறிஸ்டாஃபர்சனின் முதல் இசைத்தொகுப்பு

ஒரே பாடல்களுடன் வேறு வேறு பெயரில் இருக்கும் இரண்டு இசைத்தட்டுகளில் ஒன்று போலியோ என்று கேட்டிருந்தீர்கள். எதுவும் போலி அன்று; நீங்கள் தனித்தனியாக வாங்கிய ‘கிறிஸ்டாஃபர்சன்’, ‘மீ அண்ட் பாபி மெக்கீ’ ஆகிய இரண்டு இசைத்தட்டுகளும் அமெரிக்கப் பாடகர் கிரிஸ் கிறிஸ்டாஃபர்சனின் அதே முதல் தொகுப்புதான்.

1970இல் மான்யுமென்ட் நிறுவனம் வெளியிட்டபோது அது பெரிதாக விற்பனையாகவில்லை. அதில் உள்ள ‘மீ அண்ட் பாபி மெக்கீ’ பாடலை அமெரிக்க ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளினும் பாடியிருந்தார். அவர் பாடிய வடிவம், அவர் மறைந்து சில மாதங்களுக்குப் பின், 1971 மார்ச்சில் அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்ததையொட்டி, அந்தப் பெயரையே அட்டையில் ஏற்றி மறுபடியும் விற்பனைக்கு விட்டார்கள்.

இரண்டு தட்டுகளின் நடுவில் ஒட்டியுள்ள தாளையும் பாருங்கள்: ‘பிளேம் இட் ஆன் தி ஸ்டோன்ஸ்’ முதலாவதாகவும் ‘சண்டே மார்னின் கமின் டவுன்’ கடைசியாகவும் 12 பாடல்கள் இருந்தால் ஐயம் வேண்டியதில்லை.

பிற்காலக் குறுந்தகட்டுப் பதிப்போடு மட்டும் எண்ணிக்கையை ஒப்பிட வேண்டாம். அதில் கூடுதல் பாடல்கள் உண்டு.