“அந்தப் பாட்டில் வயலின் வாசித்ததே நான்தான், எனக்கு எதற்கு அனுமதி?”

கேள்வி: எனக்கு வயது 72. 1970-களின் நடுவிலிருந்து இருபத்தைந்து ஆண்டுகள் சினிமா இசைக்குழுக்களில் வயலின் வாசித்தவன். எனக்குப் பிடித்த பத்துப் பாடல்களை, பாடகர் இல்லாமல் வயலினில் மட்டும் வாசித்து ஓர் ஆல்பமாக வெளியிட ஆசை. எம்.எஸ். விஸ்வநாதன், கே.வி. மகாதேவன், இளையராஜா மெட்டுகள் ஒன்பது. அவற்றில் பாதிக்கு மேல் மூலப் பதிவில் நானே வாசித்தவை. பத்தாவது, பாரதியாரின் ‘காற்று வெளியிடைக் கண்ணம்மா’. எல்லாவற்றுக்கும் உலக உரிமம் வாங்கித் தருவதாகச் சொல்லி ஒருவர் 85,000 ரூபாய் கேட்கிறார். அவர் தந்த கடிதம், ஒப்பந்தப் படிவம் இரண்டின் நகலையும் இணைத்திருக்கிறேன். நான் வாசித்த பாட்டை நானே மறுபடி வாசிக்க அனுமதி வேண்டுமா? இவரிடம் பணம் கொடுக்கலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: ஐயா, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். அந்தப் படிவத்தில் கையெழுத்தும் போடாதீர்கள். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் கேள்விக்கு வருத்தத்தோடுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அனுமதி வேண்டும். மூலப் பதிவில் வாசித்தவர் என்பதால் சட்டம் உங்களுக்கு எந்தச் சலுகையும் தரவில்லை.

ஒரு சினிமாப் பாட்டில் மூன்று சொத்துகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. வரிகள் ஒன்று, மெட்டு ஒன்று, இவை சேர்ந்து ஒலித்த அந்தக் குறிப்பிட்ட பதிவு ஒன்று. மூன்றுக்கும் உரிமையாளர் ஒருவராகவும் இருக்கலாம், மூவராகவும் இருக்கலாம். உங்கள் வயலின் வார்த்தை பேசப் போவதில்லை; ஆகவே வரிகளுக்கு அனுமதி தேவையில்லை. ஸ்டுடியோவில் எல்லாவற்றையும் புதிதாக வாசித்துப் பதியப்போகிறீர்கள். ஆகவே பழைய பதிவையும் தொடவில்லை. மிஞ்சுவது மெட்டு. அதன் உரிமையாளர் எழுத்தில் தரும் அனுமதிதான் உங்களுக்கு வேண்டியது. மூன்று பூட்டில் இரண்டு உங்களுக்குத் திறந்தே கிடக்கின்றன. இதை அந்த 85,000 ரூபாய்க்காரர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

“நான் வாசித்தேனே” என்கிறீர்கள். வாசித்தீர்கள், அன்றைய கால்ஷீட்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனீர்கள். வாசிப்பவர், பாடுபவர் ஆகியோருக்கென்று ஓர் உரிமை நம் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் நுழைந்ததே 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். நீங்கள் மும்முரமாக வாசித்த காலம் அதற்கு முந்தையது. 2012-இல் இன்னொரு திருத்தம் வந்தது. கலைஞர்களுக்கு ராயல்டி என்று பேசியது. அதிலேயே ஒரு வரியைச் செருகியும் வைத்தார்கள்: திரைப்படத்தில் உதிரியாகப் பங்கேற்று, தொழில் வழக்கப்படி பெயர்ப் பட்டியலில் குறிப்பிடப்படாதவர் ஏறக்குறைய எதற்குமே ‘கலைஞர்’ ஆகக் கருதப்பட மாட்டார். எந்தப் படத்தின் பெயர்ப் பட்டியலில் இருபது வயலின்காரர்களின் பெயரைப் போட்டார்கள்? பெயரைப் போடாமல் விட்டது தொழில். அதையே காரணம் காட்டிக் கைவிரிக்க வழி செய்தது சட்டம். இதற்கு மேல் இங்கே சொன்னால் என் ரத்த அழுத்தம் ஏறும்.

பின்வரிசையில் இருந்தவர்களை விடுங்கள். 2017-இல் எஸ்.பி. பாலசுப்ரமணியம் வெளிநாட்டில் கச்சேரிகள் செய்துகொண்டிருந்தபோது, தம் பாடல்களை அனுமதியின்றிப் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து அவருக்கு வக்கீல் நோட்டீஸ் போனது உங்களுக்கு நினைவிருக்கும். பாடியவருக்கே அந்த நிலைமை.

ஏற்கெனவே வந்த பாட்டை வேறொருவர் புதிதாக வாசித்தோ பாடியோ பதிவதற்குக் கவர் பதிவு என்று பெயர். சட்டத்தில் அதற்கென்று தனி வழி ஒன்றும் இருக்கிறது. 31-சி பிரிவு. இதைச் சொல்லி யாராவது உங்களை ஊக்கப்படுத்துவார்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன். பாட்டு முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தால், உரிமையாளர் தலையசைக்காவிட்டாலும், முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து, ராயல்டியையும் முன்பணமாகக் கட்டி, நீங்கள் பதிவு செய்யலாம். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? அடுத்த வரியைப் படியுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கு ராயல்டி கட்ட வேண்டும். ஒன்பது மெட்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலுறை, லேபிள், பிரதி என்று கேசட் காலத்துச் சொற்களில் எழுதப்பட்ட பிரிவு அது. ஸ்ட்ரீமிங் என்ற பேச்சே அதில் இல்லை. கட்டணம் நிர்ணயிக்க ஒரு வாரியம் இருந்தது. அதை 2017-இல் இன்னொரு வாரியத்தோடு இணைத்தார்கள். 2021-இல் அந்த வாரியத்தையே கலைத்துவிட்டு நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். எழுபது வயதில் வயலினைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்கு.

அதே பிரிவில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த வழியில் பதிவு செய்தால் மேலுறையில் மூலப் படத்தின் பெயர் வரக்கூடாது. அந்தப் பாட்டின் முந்தைய பதிவில் பங்கேற்ற எந்தக் கலைஞரின் பெயரும் வரக்கூடாது. மக்கள் குழம்பக்கூடாதாம். நல்லது. ஆனால் ஐயா, முந்தைய பதிவில் பங்கேற்றவர்களில் நீங்களும் ஒருவர். எழுத்துக்கு எழுத்து படித்தால், உங்கள் ஆல்பத்தில் உங்கள் பெயரையே போட முடியாது! ராயல்டி கொடுக்கும்போது நீங்கள் கலைஞரா என்று சந்தேகப்படும் சட்டம், பெயரை மறைக்க மட்டும் உங்களைக் கலைஞராக ஏற்றுக்கொள்கிறது.

ஆகவே 31-சியை மறந்துவிடுங்கள். உரிமையாளரிடம் நேரடியாகக் கேட்டு, பேசி, எழுத்தில் வாங்குவதுதான் வழி. பழைய சினிமாப் பாடல்களின் உரிமை பெரும்பாலும் தயாரிப்பாளரிடமிருந்து இசைத்தட்டு நிறுவனத்துக்குப் போயிருக்கும். அந்தக் காலத்து எச்.எம்.வி. தட்டுகளை வெளியிட்ட நிறுவனம்தான் இன்றைய சரிகம. உங்கள் பாட்டு யாரிடம் இருக்கிறது என்று பார்க்க, யூடியூபில் அதன் அதிகாரபூர்வப் பதிவைத் திறந்து, கீழே விவரக் குறிப்பை விரியுங்கள். உரிமை கோரும் நிறுவனங்களின் பெயர் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். அது சான்று ஆகாது. எந்தக் கதவைத் தட்டுவது என்று காட்டும், அவ்வளவுதான். பாட்டு வாரியாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: பாட்டு, படம், ஆண்டு, இசையமைப்பாளர், நிறுவனம். அந்தத் தாளோடு நிறுவனத்தின் உரிமப் பிரிவுக்கு எழுதுங்கள். ‘வயலினில் மட்டும், புதிய ஒலிப்பதிவு, இணையத்தில் உலகம் முழுவதும், இத்தனை ஆண்டுகளுக்கு’ என்று தெளிவாகக் கேளுங்கள். காட்சியோடு வெளியிடப் போகிறீர்கள் என்றால் அதையும் தனியாகக் கேட்க வேண்டும். ஒலிக்கு வாங்கிய அனுமதி காட்சிக்குச் செல்லாது. பதில் வர மாதங்கள் ஆகலாம். வராமலும் போகலாம். மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சில் செல்லும், இங்கே செல்லாது. பெரிய நிறுவனங்களுக்கு உங்களைப் போன்றவரின் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கக்கூட நேரமில்லை என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுங்கள். இளையராஜா பாடல்கள் சிலவற்றில் உரிமை யாருடையது என்பதே வழக்காக இருப்பதால், நிறுவனம், அவர் தரப்பு இரண்டு இடத்திலும் கேளுங்கள். ஓரிடத்தில் மறுத்தால் பாட்டை மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி அந்தக் கடிதம். முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மேலே தங்க நிறத்தில் ஒரு இசைக்குறி. கீழே ரப்பர் ஸ்டாம்ப், ஸ்டாம்பின் மேல் சுழித்த கையெழுத்து. நடுவே, “தங்கள் ஆல்பத்துக்குரிய அனைத்து உரிமைகளும் உலக அளவில் பெறப்பட்டுள்ளன.” பத்துப் பாடல்களில் ஒன்றின் பெயராவது இருக்கிறதா? இல்லை. யாரிடமிருந்து பெறப்பட்டன? இல்லை. எத்தனை ஆண்டுகளுக்கு? இல்லை. எந்தப் பாட்டு, யாருடையது என்றே சொல்லாதபோது உரிமை எப்படிப் ‘பெறப்பட்டுவிட்டது’? இப்படிப்பட்ட காகிதங்கள் என் மேசைக்கு வராத மாதமில்லை.

இணைப்பாக ஒரு ரசீதைக் காட்டியிருக்கிறார். அது, இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள் சார்பில் உரிமத் தொகை வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பு ஏதோ ஒரு மேடைக் கச்சேரிக்குக் கொடுத்தது. ரசீது உண்மையானதாகவே இருக்கலாம். மேடையில் வாசிப்பதற்கான உரிமம் வேறு, ஸ்டுடியோவில் பதிந்து வெளியிடுவதற்கான உரிமம் வேறு. பஸ் டிக்கெட்டைக் காட்டி ரயிலில் ஏறச் சொல்கிறார். இன்னொரு தாள், இணையத்தில் பாடல்களை ஏற்றித்தரும் சேவையிடம் வாங்கிய கவர் உரிமம். அமெரிக்காவில் கவர் பதிவுக்குச் சட்டப்படியே கட்டாய உரிமம் உண்டு. இந்தத் தாள் அந்த நாட்டுக்கு மட்டும் பொருந்தும் என்று அதன் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்.

இதெல்லாம் சில்லறை. உண்மையான கண்ணி ஒப்பந்தப் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது: ‘மேற்படி ஒலிப்பதிவின் மாஸ்டர் உரிமை நிரந்தரமாக, உலகம் முழுமைக்கும், நிறுவனத்துக்கே உரியது.’ மாஸ்டர் என்றால் நீங்கள் பதியப்போகும் அந்த மூல ஒலிப்பதிவு. ஸ்டுடியோ வாடகை உங்களுடையது, துணைக்கு வாசிக்கும் தபலாக்காரருக்குச் சம்பளம் நீங்கள் கொடுப்பது, வாசிப்பும் உங்களுடையது. சட்டப்படி அந்தப் புதிய பதிவு 60 ஆண்டுகளுக்கு உங்களுக்கும் உங்கள் வாரிசுகளுக்கும் சொந்தம். அதை எழுதி வாங்கிக்கொள்ள உங்களிடமே 85,000 ரூபாய் கேட்கிறார்கள். மாட்டையும் விற்று, வாங்குகிறவன் கையில் பணத்தையும் கொடுப்பது போல. ‘நிரந்தரம்’ என்ற சொல்லை அவர்கள் தெரியாமல் போடவில்லை. உரிமை மாற்றப் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள்தான் செல்லும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். அது தெரிந்த ஒருவர்தான் இதை எழுதியிருக்கிறார்.

இன்னொன்று. ஸ்டுடியோக்காரர் செலவைக் குறைக்க, “பின்னணிக்கு மைனஸ் ஒன் டிராக் இருக்கிறது சார், மேலே வயலினை மட்டும் ஏற்றிவிடலாம்” என்பார். பாடகர் குரல் இல்லாத பின்னணி இசைப் பதிவைத்தான் அப்படிச் சொல்கிறார். வேண்டாம். அந்த டிராக்கே இன்னொருவரின் ஒலிப்பதிவு. மெல்லிசைக் குழு நடத்திய பெரியவர் ஒருவர் இப்படித்தான் கரோக்கி டிராக்குகளின் மேல் பாடி யூடியூபில் ஏற்றினார். தொண்ணூறு நாட்களுக்குள் மூன்று பதிப்புரிமை எச்சரிக்கை வந்தால் சேனல் போய்விடும். போயிற்று. அவர் சொந்தமாக மெட்டமைத்த முருகன் பாடல்களும் அதே சேனலில்தான் இருந்தன. முப்பது விநாடிக்குள் என்றால் பரவாயில்லை, மூலக் கலைஞருக்கு நன்றி போட்டால் போதும், லாப நோக்கமில்லை என்றால் கேட்க மாட்டார்கள் என்றெல்லாம் உங்களிடம் சொல்வார்கள். ஒன்றும் செல்லாது.

கடைசியாக உங்கள் பத்தாவது பாட்டு. இதைச் சற்று நிதானமாகவே சொல்கிறேன்; ‘பாரதி பாட்டுதானே, யாரும் கேட்க மாட்டார்கள்’ என்று நினைத்து மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

எழுதியவர் அல்லது மெட்டமைத்தவர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். பாரதி மறைந்தது 1921. அந்தக் கணக்கு முடியும் முன்பே, 1949-இல் சென்னை மாகாண அரசு அவருடைய படைப்புகளின் உரிமையைப் பெற்று, பின்னர் அதை மக்களுக்கே பொதுவாக்கியது. ஆனால் பொதுவானவை அவருடைய வரிகள். சினிமாவில் அந்த வரிகளுக்கு வேறொருவர் போட்ட மெட்டு, போட்டவர் கணக்கில் தனியாக ஓடும். 2000-இல் வந்த ‘பாரதி’ படத்தின் ‘நிற்பதுவே நடப்பதுவே’ பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். வரி பாரதியுடையது, எல்லோருக்கும் பொது. மெட்டு இளையராஜாவுடையது. அவர் நம்மோடு இருக்கிறார். அறுபது ஆண்டுக் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை. நீங்கள் வயலினில் வாசிக்கப்போவது வரியை அல்ல, மெட்டை. அங்கே பாரதியின் பெயர் உங்களைக் காப்பாற்றாது.

நீங்கள் கேட்டிருக்கும் ‘காற்று வெளியிடைக் கண்ணம்மா’ 1961-இல் வந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் பி.பி. ஸ்ரீநிவாஸும் பி. சுசீலாவும் பாடியது என்றால், மெட்டு ஜி. ராமநாதனுடையது. அவர் மறைந்தது 1963. அறுபது ஆண்டுகள் 2023 டிசம்பரோடு முடிந்தன. 2024 ஜனவரி 1 முதல் அந்த மெட்டு யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் சொந்தம். யாரிடமும் அனுமதி வேண்டாம், யாருக்கும் பணம் வேண்டாம். விஸ்வநாதன் மறைந்தது 2015. அவர் மெட்டுகளுக்கு 2075 வரை காத்திருக்க வேண்டும். மகாதேவன் 2001, அவருக்கு 2061.

அதே பாரதி வரிக்கு வேறு மெட்டும் யாராவது போட்டிருக்கலாம். ஆகவே படத்தில் வந்த மெட்டையே வாசியுங்கள். பிற்காலத்தில் மேடையிலோ தொலைக்காட்சியிலோ கேட்ட மாற்றங்களைக் கலக்காதீர்கள். வெளியிட்ட பிறகு யூடியூபின் இயந்திரம் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரில் உரிமை கோரினாலும் கோரும்; அதற்கு ஜி. ராமநாதனும் தெரியாது, 1963-உம் தெரியாது. மறுப்புப் படிவத்தில் மெட்டமைத்தவர் பெயர், மறைந்த ஆண்டு, இது உங்கள் புதிய பதிவு என்ற விவரம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.

ஸ்டுடியோவுக்கு இப்போது ஒரே ஒரு நாள் மட்டும் முன்பதிவு செய்யுங்கள். இந்த ஒரு பாட்டைப் பதிந்து உங்கள் பெயரில் வெளியிடுங்கள். மேலுறையில் உங்கள் பெயரைப் பெரிதாகவே போடலாம். மற்ற ஒன்பதுக்கும் கடிதம் போகட்டும். எந்தப் பாட்டுக்குப் பதில் வருகிறதோ, அந்தப் பாட்டுக்கு மட்டும் தபலாக்காரரிடம் தேதி கேளுங்கள்.