அண்ணன் விற்கச் சொல்கிறார், நான் வாங்க நினைக்கிறேன்

அன்புள்ள ஐயா,

அப்பா விட்டுப்போன ஆறு ஏக்கர் நிலம் எனக்கும் அண்ணனுக்கும் பொதுவில் இருக்கிறது. இருவருமே நகரத்தில் வேலையில் இருக்கிறோம். நிலத்தை இருபது வருடமாக ஒருவரே குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறார். மூன்று வருடம் முன்புவரை அந்தப் பக்கம் நிலம் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை. புதிய நெடுஞ்சாலை வருகிறது, அதை ஒட்டித் தொழிற்பேட்டை வரும் என்று பேச்சு கிளம்பியதும் விலை மூன்று மடங்காகிவிட்டது. வாரத்துக்கு ஒரு தரகர் போன் செய்கிறார்.

மொத்தத்தையும் இப்போதே விற்றுவிடலாம் என்கிறார் அண்ணன். எனக்கு மனம் ஒப்பவில்லை. பக்கத்திலேயே மூன்று ஏக்கர் விலைக்கு வந்திருக்கிறது. எங்கள் நிலத்தை அடமானம் வைத்தால் வங்கி 10 சதவீத வட்டியில் முழுத் தொகையும் தரும். அதை வாங்கிப் போட்டு, ஐந்து வருடம் கழித்து எல்லாவற்றையும் சேர்த்து விற்றால் நல்ல லாபம் வரும் என்று தோன்றுகிறது. மண்ணில் போட்ட காசு வீண் போகாது என்று அப்பா சொல்வார். குத்தகைப் பணம் இன்றைய விலையில் ஒன்றரை சதவீதம்தான் வரும், அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இந்த விஷயத்தில் எனக்கும் அண்ணனுக்கும் பேச்சே குறைந்துவிட்டது. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

குத்தகைப் பணத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் அந்த இடத்தில்தான் நின்றேன். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அங்கே இருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கடனுக்கு வட்டி 10 சதவீதம். வாங்கப்போகிற மூன்று ஏக்கரும் உங்கள் நிலத்தைப் போலவே ஒன்றரை சதவீதம் குத்தகை தருவதாக வைத்துக்கொள்வோம். மீதி எட்டரை சதவீதத்தை நீங்கள் வருடா வருடம் சம்பளத்திலிருந்து எடுத்துக் கட்ட வேண்டும், அந்தப் பணம் திரும்பி வர வேண்டுமென்றால் நிலத்தின் விலையும் வருடா வருடம் அந்த அளவுக்கு ஏற வேண்டும். ஐந்து வருடத்தில் விற்பதாக இருந்தால் விலை இன்றைக்கு இருப்பதைவிட 50 சதவீதம் உயர்ந்திருக்க வேண்டும். உயர்ந்தாலும் அது போட்ட பணத்துக்குச் சரியாகப் போகும், லாபம் என்று ஒரு காசு இருக்காது. பத்திரச் செலவு, தரகு, விற்கும்போது கட்டுகிற வரி இதையெல்லாம் இன்னும் சேர்க்கவில்லை. ஏற்கனவே மூன்று மடங்காகி நிற்கிற விலை அதற்கு மேல் இன்னும் பாதி ஏறினால்தான் உங்களுக்குக் கைநஷ்டம் இல்லை என்றால், நீங்கள் எதை நம்பிக் கடன் வாங்குகிறீர்கள் என்று ஒருமுறை உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

விளைபொருளின் விலை ஏறுவதால்தான் குத்தகை ஏறுகிறது, குத்தகை ஏறுவதால் விளைபொருளின் விலை ஏறுவதில்லை என்று டேவிட் ரிக்கார்டோ 1817-ல் எழுதினார். நிலத்தின் மதிப்பு அது தருகிற வரும்படியிலிருந்து வருகிறது என்பது இன்றைக்கும் மாறவில்லை. மூன்று வருடத்தில் உங்கள் மண் மூன்று மடங்கு விளையவில்லை, குத்தகையும் மூன்று மடங்காகவில்லை. ஏறியது முழுக்க முழுக்க எதிர்பார்ப்பின் விலை. எதிர்பார்ப்பு பொய் என்று நான் சொல்லவில்லை, சாலை வரலாம், தொழிற்பேட்டையும் வரலாம். ஆனால் அது வருவதற்கு முன்பே அதற்கான காசை நிலம் விற்கிறவர் உங்களிடம் வாங்கிவிடுகிறார். வந்தால் உங்களுக்குக் கிடைப்பது கொஞ்சம், வராவிட்டால் கடன் முழுவதும் உங்கள் தலையில்.

இதை வெறும் பயமுறுத்தலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் போட்டிருக்கிற அதே திட்டத்தை அப்படியே செய்து பார்த்த ஊர்கள் உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1970-களில் நடந்ததை நான் பலரிடமும் சொல்வதுண்டு. 1972-ல் சோவியத் ஒன்றியம் பெரிய அளவில் தானியம் வாங்கியது, தானிய விலை ஏறியது, பின்னாலேயே நில விலை ஏறியது. பண்ணையில் என்ன வரும்படி வருகிறது என்று பார்க்காமல் நிலம் இன்றைக்கு என்ன விலை போகும் என்று மட்டும் பார்த்து வங்கிகள் கடன் கொடுத்தன. அப்பா காலத்திலேயே கடன் தீர்ந்திருந்த நிலத்தை அடமானம் வைத்துப் பக்கத்து நிலத்தை வாங்கினார்கள், பெரும்பாலும் இளைஞர்கள், உழைப்பாளிகள், நன்றாகப் பயிர் செய்யத் தெரிந்தவர்கள். 1979 அக்டோபரில் அமெரிக்க மத்திய வங்கி பணவீக்கத்தை அடக்கக் கடும் நடவடிக்கை எடுத்ததும் வட்டி எகிறியது. 1980 ஜனவரியில் சோவியத்துக்குத் தானியம் விற்கத் தடை வந்தது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் வருடா வருடம் எடுக்கிற நில விலைக் கணக்குப்படி 1981-க்கும் 1986-க்கும் நடுவில் விலை 63 சதவீதம் விழுந்தது. 1981-ல் இருந்த விலையைத் தாண்ட 2003 ஆனது, அதுவும் பணவீக்கத்தைக் கழிக்காமல்.

இதில் என்னை உறுத்துகிற விஷயம் என்னவென்றால், அந்த மண்ணுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அயோவாவின் கரிய மண் உலகத்தின் மிகச் சிறந்த மண்களில் ஒன்று, 1981-லும் அப்படித்தான், 1986-லும் அப்படித்தான். கடன் இல்லாதவர் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்து உழுதார், அவருக்கு விலை விழுந்தது என்பது ஒரு செய்தி மட்டுமே. கடன் வாங்கியவருக்குப் புதிதாக வாங்கிய நிலமும் போனது, அடமானத்தில் இருந்த அப்பாவின் நிலமும் சேர்ந்து போனது. மண்ணில் போட்ட காசு வீண் போகாது என்று உங்கள் அப்பா சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது, ஆனால் அது சொந்தக் காசு. மண்ணில் போட்ட கடனைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லையே.

அப்புறம் இந்தச் சாலை. அறிவித்தாகிவிட்டது என்பதற்கும் வழித்தடம் முடிவாகிவிட்டது என்பதற்கும் தூரம் அதிகம். கனடாவில் பேட்டில்ஃபோர்டு என்று ஓர் ஊர், வடமேற்குப் பிரதேசங்களுக்குத் தலைநகரமாகவே இருந்தது. கண்டத்தின் குறுக்கே போகிற ரயில் பாதை அந்தப் பக்கமாகத்தான் வரும் என்று எல்லோரும் நம்பினார்கள். 1880-களின் தொடக்கத்தில் பாதையை வெகுவாகத் தெற்கே தள்ளிவிட்டார்கள். 1883-ல் தலைநகரமும் ரயில் வந்த ரெஜைனாவுக்குப் போய்விட்டது. உங்கள் சாலைக்கு நிலம் கையகப்படுத்த ஆணை வந்திருக்கிறதா, இழப்பீட்டுப் பணம் யாருக்காவது கொடுத்தார்களா, எல்லைக்கல் நட்டார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். தரகர் காட்டுகிற வரைபடத்தை நம்பாதீர்கள். வேகமாக ஓடுகிற நெடுஞ்சாலைகளில் ஏறவும் இறங்கவும் குறிப்பிட்ட சில இடங்கள்தான் இருக்கும். இறங்கு வழி பத்து கிலோமீட்டர் தள்ளி வந்தால் உங்கள் நிலத்துக்கு அந்தச் சாலையால் கிடைப்பது இரைச்சல் மட்டும்தான்.

விலை மூன்று மடங்கு என்கிறீர்களே, அது சொல்கிற விலையா, கைமாறிய விலையா? கிராமப்புறத்தில் ஒரு வருடத்தில் நடப்பது நாலைந்து கிரயம்தான். அதில் அவசரப்பட்டு யாரோ ஒருவர் கூடக் கொடுத்து வாங்கினால் அதுவே ஊர் விலையாகிவிடும். உண்மையில் பதிவான பத்திரங்களை எடுத்துப் பாருங்கள், கடந்த ஒரு வருடத்தில் வாங்கியவர்கள் யார் என்றும் பாருங்கள். தொழில் நடத்த வந்தவரோ குடியிருக்க வந்தவரோ வாங்கியிருந்தால் பரவாயில்லை. உங்களைப் போலவே ஐந்து வருடத்தில் விற்க வேண்டும் என்று வாங்கியவர்களே எல்லோரும் என்றால், அந்த ஐந்தாவது வருடத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் விற்க வருவார்கள். அன்றைக்கு வாங்குவதற்கு யார் இருப்பார்கள்?

சரி, அப்படியென்றால் அண்ணன் சொல்வதுபோல மொத்தத்தையும் விற்றுவிடலாமா? அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. வாங்க ஆள் இருக்கும்போது விற்பது ஒன்றும் பாவம் இல்லை, அப்படி ஆள் எப்போதும் இருப்பதும் இல்லை. ஜப்பானில் நகரங்களின் நில விலை 1991 வாக்கில் உச்சத்தைத் தொட்டுவிட்டுப் பல ஆண்டுகள் இறங்கிக்கொண்டே போனது, கிராமங்கள் ஆள் இல்லாமல் காலியாயின. வாரிசாக வந்த நிலம் வேண்டாம் என்கிறவர்கள் அதை அரசிடமே ஒப்படைத்துவிட 2023 ஏப்ரலில் ஒரு சட்டமே நடைமுறைக்கு வந்தது. அப்படி ஒப்படைக்கவும் நாம்தான் பணம் கட்ட வேண்டும், கட்டடம் இருந்தால் இடித்துக் கொடுக்க வேண்டும். நிலம் சுமையாகவும் ஆகும் என்பதைப் பார்த்துவிட்டோம். ஆனால் விற்ற நிலம் திரும்பி வராது என்பதும் உண்மைதான். அதிலும் உங்களைப் போல மனம் ஒப்பாமல் விற்றவர்கள், பிறகு விலை ஏறினாலும் இறங்கினாலும் அண்ணனைத்தான் குறை சொல்வார்கள்.

என் கருத்து இதுதான். பக்கத்து நிலத்தை வாங்காதீர்கள். உங்கள் பங்கு மூன்று ஏக்கர் ஏற்கனவே அதே ஊரில், அதே சாலையை நம்பி நிற்கிறது. அதாவது நீங்கள் முதலீடு செய்தாகிவிட்டது. சாலை வந்தால் அந்த மூன்று ஏக்கரே உங்களுக்குப் போதுமான லாபம் தரும், வராவிட்டால் குத்தகை வந்துகொண்டிருக்கும், யாருக்கும் வட்டி கட்ட வேண்டியதில்லை. இப்படி இரண்டு பக்கமும் பாதுகாப்பாக இருக்கிற நிலையைக் கடன் வாங்கி நீங்களாகவே கெடுத்துக்கொள்ள வேண்டாம். அண்ணனுக்குப் பணம் வேண்டும் என்றால் நிலத்தை அளந்து பிரித்து, அவர் பங்கை அவர் விற்கட்டும். பிரிக்கும்போது பரப்பளவை மட்டும் பார்த்து நடுவில் கோடு போடாதீர்கள், சாலையோரத் துண்டும் உள்ளே இருக்கிற துண்டும் ஒரே விலை ஆகாது. அதைவிட முக்கியம், முன் பக்கம் விற்ற பிறகு பின் பக்கத்துக்குப் போக வண்டிப் பாதையும் தண்ணீர் வருகிற வழியும் உங்கள் பெயரில் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். வாய்ப்பேச்சு போதாது, இப்போது வாங்குகிற நல்ல மனிதர் நாளைக்கு வேறொருவருக்கு விற்றுவிடுவார்.

விற்கிறபோது முன்பண ஒப்பந்தத்தில் மட்டும் அண்ணனை மிகக் கவனமாக இருக்கச் சொல்லுங்கள். விலை ஏறுகிற காலத்தில் தரகர்கள் நிலத்தை வாங்குவதில்லை, பூட்டி வைக்கிறார்கள். சின்னத் தொகையை அட்வான்ஸாகக் கொடுத்து நீண்ட கெடு எழுதிக்கொண்டு, அந்த ஒப்பந்தத்தையே இன்னொருவருக்குக் கூடுதல் விலைக்குக் கைமாற்றிவிடுவார்கள். 1925-ல் ஃப்ளோரிடாவில் மனைகள் அப்படித்தான் கைமாறின, வாங்கியவர்களில் பலர் அந்த இடத்தைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. எங்கள் குடும்பத்திலும் ஒரு நிலத்துக்குக் கெடு எழுதாமல் முன்பணம் வாங்கிவிட்டு இரண்டு வருடம் முன்பணம் கொடுத்தவரிடமும் விற்க முடியாமல், வேறு யாரிடமும் விற்க முடியாமல் அலைந்தோம். அந்த இரண்டு வருடத்தில் என் அம்மா எத்தனை இரவு தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். கெடு மூன்று மாதத்துக்கு மேல் போகக்கூடாது, கெடு தாண்டினால் ஒப்பந்தம் முடிந்தது என்று தெளிவாக எழுத வேண்டும், வேறொருவருக்குக் கைமாற்ற உரிமை இல்லை என்றும் எழுத வேண்டும். முழுப் பணம் வருவதற்கு முன் யாருக்கும் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கக்கூடாது. நிலத்தை நீங்கள் கொடுங்கள், மனை போட்டு விற்று லாபத்தில் பாதி தருகிறேன் என்று ஒருவர் நிச்சயம் வருவார். அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அயர்லாந்தில் 2008-க்குப் பிறகு லீட்ரிம், லாங்ஃபோர்டு மாதிரியான கிராமப்புற மாவட்டங்களில் பாதி கட்டிய வீடுகள் வரிசை வரிசையாக ஆளில்லாமல் நின்றன. அப்படி ஒரு நிலைமை வந்தால் நிலம் கொடுத்தவருக்கு நிலமும் இல்லை, பணமும் இல்லை. வரி எவ்வளவு, எப்போது விற்றால் குறையும் என்பதை அங்கேயே ஒரு கணக்காளரிடம் கேளுங்கள், அது இடத்துக்கு இடம் மாறும்.

இன்னொன்று கேட்க வேண்டும். இருபது வருடமாகப் பயிர் செய்கிறவரைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு இந்த விஷயம் தெரியுமா? உங்கள் நிலத்தில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், எல்லையில் யாரோடு தகராறு வரும், பக்கத்து நிலம் ஏன் விலைக்கு வந்திருக்கிறது என்பதெல்லாம் எந்தத் தரகரைவிடவும் அவருக்குத்தான் தெரியும். பிரான்சில் குத்தகை நிலத்தை விற்பதென்றால் அதைப் பயிர் செய்கிற குத்தகைதாரருக்கே முதலில் வாங்கும் உரிமையைச் சட்டம் கொடுக்கிறது. வேறு சில நாடுகளிலும் குத்தகைதாரருக்கு ஏதாவது ஒரு பாதுகாப்பு உண்டு, உங்கள் இடத்தில் என்ன சட்டம் என்று விசாரியுங்கள். ஆனால் சட்டம் இருக்கிறதோ இல்லையோ, தரகர் காரில் வந்து இறங்கி அளக்கும்போது அவர் முதல்முறையாகத் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள், அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. அடுத்த விடுமுறையில் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள், மூன்று பேரும் நிலத்தில் நின்று பேசுங்கள். உங்கள் அண்ணன் பங்கில் ஓர் ஏக்கராவது அந்தக் குத்தகைதாரர் தவணையில் வாங்கிக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள். பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்