எங்கள் வீட்டுக்கு யாருமே வராமல் அரசு ‘சராசரிச் செலவை’ எப்படிச் சொல்கிறது?

கேள்வி: “இந்தியக் குடும்பங்கள் மாதம் இவ்வளவு செலவழிக்கின்றன, சில்லறை வணிகம் இவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அடிக்கடி செய்தி வருகிறது. என் வாழ்நாளில் எங்கள் வீட்டுக்கோ கடைக்கோ ஒருவரும் வந்து கேட்டதில்லை. இந்த எண்கள் எல்லாம் டெல்லியில் உட்கார்ந்து எழுதப்படுபவைதானே?”

வந்து கேட்டார்கள். என்னிடமே கேட்டார்கள், நான் பொய் சொன்னேன். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கண்டதும் கடந்து போக முடியவில்லை. சேலம் அம்மாபேட்டையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பொருளாதாரம் படித்தவன் அல்லன். கீழே வரும் எண்கள் அரசு வெளியிட்ட அறிக்கைகளில் யாரும் பார்க்கக்கூடியவை. மற்றவை என் கல்லாப்பெட்டிக்கு முன்னால் நடந்தவை.

“கடைக்கோ” என்று எழுதியிருப்பதால் நீங்களும் வியாபாரி என்று எடுத்துக்கொள்கிறேன். உங்களிடம் யாரும் வராததில் வியப்பில்லை. 2023-24 ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் கேட்கப்பட்ட வீடுகள் 2,61,953. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே நாட்டில் ஏறக்குறைய 25 கோடிக் குடும்பங்கள் இருந்தன. அந்தப் பழைய எண்ணை வைத்துப் பார்த்தாலும் சுமார் தொள்ளாயிரத்து ஐம்பது வீடுகளுக்கு ஒரு வீடு. எங்கள் தெருவில் நூறு வீடுகள்கூட இல்லை. பத்துத் தெருவுக்கு ஒரு கதவைத் தட்டினால் உங்கள் கதவு தப்பிப்பது இயல்புதான்.

என் கடை அகப்பட்டது இதில் அன்று. எங்களைப் போல நிறுவனமாகப் பதிவாகாத கடைகள், பட்டறைகள், சிறு தொழில்கள் ஆகியவற்றுக்கென்று ஆண்டுதோறும் வேறொரு கணக்கெடுப்பு நடக்கிறது. 2023 அக்டோபர் முதல் 2024 செப்டம்பர் வரை நடந்த சுற்றில், நாட்டில் இத்தகைய நிலையங்கள் 7.34 கோடி என்றும் அவற்றில் வேலை செய்பவர்கள் 12 கோடிக்கு மேல் என்றும் மதிப்பிட்டார்கள். அந்த மதிப்பீட்டின் ஏதோ ஒரு மூலையில் என் கடையும் இருக்கிறது.

2024 ஆடி மாதத்தில் ஒரு பிற்பகல், கோட்டை மாரியம்மன் பண்டிகைக்காக ஊரே பரபரத்துக்கொண்டிருந்த நேரத்தில், கையில் டேப்லெட்டோடு ஓர் இளைஞர் வந்தார். அடையாள அட்டையைக் காட்டினார். சொல்லும் விவரம் புள்ளிவிவரத்துக்கு மட்டுமே பயன்படும் என்றும், 2008 ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டப்படி அதை வரித்துறைக்கோ வேறெவருக்கோ கொடுக்க முடியாது என்றும் பொறுமையாக விளக்கினார். நான் தலையை ஆட்டினேன். ஒரு சொல்லையும் நம்பவில்லை. போதாக்குறைக்கு, எதிர்வீட்டுப் பெண்மணி கால் கிலோ கடலைப்பருப்பு வாங்க வந்தவர், வாங்கிய பிறகும் நகராமல் நின்றுகொண்டிருந்தார். போன மாதம் மொத்த விற்பனை எவ்வளவு என்று கேட்டபோது, மூன்றரை லட்சம் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் ஐந்து லட்சத்து இருபதாயிரம்.

அவர் மறுபேச்சில்லாமல் அதைப் பதிந்துகொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். கொள்முதல் எவ்வளவு என்றார். செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடைகளின் பில்கள் எல்லாம் என் தலைக்கு மேல் கம்பியில் குத்தித் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை அவரும் பார்த்திருந்தார். ஆகவே அதில் மட்டும் பொய் சொல்ல வாய் வரவில்லை. நான்கு லட்சத்து அறுபதாயிரம் என்றேன். சில விநாடிகள் திரையைப் பார்த்தவர் நிமிர்ந்து, “அண்ணா, மாசம் ஒரு லட்சத்துக்கு மேல நஷ்டப்பட்டா கடை நடத்துறீங்க?” என்று கேட்டார். குரலில் கிண்டல் இல்லை. கணக்கு உதைக்கிறதே என்ற கவலைதான் இருந்தது. எதிர்வீட்டுப் பெண்மணி சிரித்துவிட்டார். நான் அவரை அனுப்பிவிட்டுக் கல்லாவுக்கு அடியிலிருந்த தினக்கணக்கு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். “தம்பி, இதைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்” என்றேன். தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் திருத்தினார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஒரு தேநீர்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

இதைப் படித்துவிட்டு, வரி ஏய்ப்பவன்தானே கணக்கை மறைப்பான் என்று எழுதப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் சிறு வணிகர்கள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் ஜிஎஸ்டி காம்போசிஷன் திட்டத்தில் பதிவு செய்து, காலாண்டுக்கு ஒரு முறை தவறாமல் வரி கட்டி வருபவன். மறைத்ததற்குக் காரணம் பயம்கூட அன்று, பழக்கம். வியாபாரம் எப்படி என்று யார் கேட்டாலும் “ஏதோ போகிறது” என்று சொல்லிப் பழகிய நாக்கு அது. என் தந்தையும் அப்படித்தான் சொல்வார். வியாபாரம் நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன வியாபாரி ஒருவரைச் சேலத்தில் நீங்கள் காட்டினால், அவருக்கு நானே திருஷ்டி சுற்றிப் போடுகிறேன்.

அன்று அந்த இளைஞர் சொன்ன ஒரு விவரம் எனக்கு முற்றிலும் புதிது. நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கில் என் ஐந்து லட்சத்து இருபதாயிரம் அப்படியே சேராது. ஏனென்றால் அந்த எண்ணெயையும் பருப்பையும் நான் உற்பத்தி செய்யவில்லை. விற்பனையிலிருந்து கொள்முதலைக் கழித்தால் கிடைக்கும் அறுபதாயிரத்தில், கடை வாடகை, மின்கட்டணம், வண்டி வாடகை முதலியவற்றையும் கழித்தது போக நிற்பதுதான் என் பங்கு. விற்பனையை மட்டும் குறைத்துச் சொல்லியிருந்தால், என் கடை நாட்டுக்கு எதையும் சேர்க்காததோடு, இருப்பதையும் தின்பதாகக் கணக்கு காட்டியிருக்கும். என் பக்கத்துத் தெருவில் இதே கணக்கெடுப்பில் அகப்பட்ட ஒரு நண்பர், கொள்முதலையும் சேர்த்துக் குறைத்துச் சொல்லித் தப்பித்ததாகப் பெருமையோடு கூறினார். டெல்லியைக் குறை சொல்வதற்கு முன் எங்களையும் கொஞ்சம் குறை சொல்லுங்கள் என்பேன்.

குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு எப்படி நடக்கிறது என்பதை என் அக்கா வழியாக அறிந்தேன். அவர் ஏற்காட்டுக்கு அப்பால் நாகலூர்ப் பக்கம் இருக்கிறார். 2024 தை மாதத்தில் தொடங்கி அவர் வீட்டுக்கு மூன்று முறை வந்தார்கள். உணவுப் பொருள்களுக்கு ஒரு முறை, சோப்பு, மருந்து, பள்ளிக் கட்டணம், பேருந்துக் கட்டணம் போன்றவற்றுக்கு ஒரு முறை, துணிமணி, பாத்திரம், கைப்பேசி வகைக்கு ஒரு முறை. அரிசி, பருப்பு, சர்க்கரைக்குக் கடந்த 30 நாள் கணக்கு. காய்கறி, முட்டை, மீன், எண்ணெய்க்குக் கடந்த 7 நாள். துணிக்கும் பாத்திரத்துக்கும் ஓர் ஆண்டு. ஓர் ஆண்டுக்கு முன் வாங்கிய புடைவையின் விலை நினைவிருக்குமா என்று கேட்காதீர்கள். என் அக்காவுக்கு 1998 ஆம் ஆண்டுப் புடைவையின் விலையே நினைவிருக்கிறது.

சிக்கல் அரிசியில் வந்தது. எவ்வளவு அரிசி வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு அக்கா “வாங்குறதில்லையே” என்றார். அது உண்மை. மாதம் ஒரு மூட்டை நான்தான் பேருந்தில் ஏற்றி, லக்கேஜ் டிக்கெட் போட்டு மலைக்கு அனுப்புகிறேன். அப்படியானால் சோறு எங்கிருந்து வருகிறது என்று வந்தவர் விடாமல் கேட்க, தம்பி அனுப்பும் மூட்டை வெளியே வந்தது. கணக்கெடுப்புக்கு வேண்டியது வாங்கியது எவ்வளவு என்பதைவிட, உண்டது எவ்வளவு என்பதே. அன்பளிப்பாக வந்த அரிசியை அவ்வூரின் சில்லறை விலையில் மதிப்பிட்டு எழுதிக்கொண்டார்கள். கொல்லையில் விளைந்து, வீட்டிலேயே வறுத்துப் பொடித்த காப்பியைத் தோட்டத்து விலையில் மதிப்பிட்டார்கள். ரேஷனில் இலவசமாக வந்த அரிசியைத் தனியாகப் பதிந்தார்கள். இப்படி அரசு நலத்திட்டங்களில் இலவசமாகக் கிடைத்தவற்றின் மதிப்பைச் சேர்த்து ஒரு சராசரியும், சேர்க்காமல் ஒரு சராசரியும் வெளியிடுகிறார்கள். கிராமப்புற இந்தியாவுக்கு 2023-24இல் ஓர் ஆளுக்கு மாதம் சேர்க்காமல் 4,122 ரூபாய், சேர்த்து 4,247 ரூபாய்.

இப்போது அந்த அரிசி மூட்டையின் கதையைப் பாருங்கள். அது 26 கிலோ மூட்டை. பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி என்று 2022 ஜூலை 18 முதல் விதித்ததால், ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூட்டி 26 ஆக்கிவிட்டார்கள். ஆகவே வரிக் கணக்கில் அந்த மூட்டை இல்லை. அக்காவிடம் காசு வாங்காததால் என் விற்பனை நோட்டிலும் இல்லை. வரித் தொகையையும் கடை விற்பனையையும் மட்டும் பார்த்து மக்களின் செலவைச் சொல்பவருக்கு அந்தச் சோறு கண்ணில் படவே படாது. அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டவர் ஒருவருக்குத்தான் அது தெரிந்தது.

செய்திகளைப் படிப்பவர்கள் வழக்கமாக ஓரிடத்தில் சறுக்குகிறார்கள். 2023-24இல் தமிழ்நாட்டு நகரங்களின் மாதச் செலவு 8,165 ரூபாய், கிராமங்களில் 5,701 ரூபாய் என்று வந்தபோது, என் வாடிக்கையாளர் ஒருவர், “எட்டாயிரத்தில் எந்தக் குடும்பம் பிழைக்கிறது?” என்று கடை வாசலில் கொதித்தார். அது ஓர் ஆளுக்கு, குடும்பத்துக்கு அன்று. ஐந்து பேர் உள்ள என் வீட்டுக்குப் பெருக்கினால் 40,825 ரூபாய். எங்கள் செலவு அதற்கு வெகு தொலைவில் இல்லை என்பதால்தான் அந்த எண்ணை நான் ஓரளவு நம்புகிறேன். சராசரி என்பதால், எங்களைவிட எவ்வளவோ குறைவாகச் செலவழிக்கும் வீடுகளும் அதற்குள் இருக்கின்றன என்பதை மறுக்கவில்லை.

எனக்கும் குறை உண்டு. 2017-18இல் எடுத்த கணக்கெடுப்பின் முடிவைத் தரம் சரியில்லை என்று 2019 நவம்பரில் அரசு வெளியிடாமலேயே விட்டுவிட்டது. அதனால் 2011-12க்குப் பிறகு 2022-23 வரை குடும்பச் செலவுக்குப் புதிய எண்ணே இல்லாமல் போயிற்று. இடையில் பணமதிப்பு நீக்கம், ஜிஎஸ்டி, கொரோனா என மூன்று அடி வாங்கினோம். அந்தக் காலத்தில் மக்கள் எதைக் குறைத்தார்கள் என்பது என் கடன் நோட்டில் இருக்கிறது, தேசத்தின் கணக்கில் இல்லை. கடைகளின் விற்பனையை மாதந்தோறும் அளந்து வெளியிடும் அரசுக் கணக்கு அமெரிக்காவில் இருக்கிறது, நம்மிடம் இல்லை. அது இருந்திருந்தால், எங்கள் சாலையில் திறந்த ஒரு பெரிய அங்காடி, என் கொள்முதல் விலைக்கும் கீழே சர்க்கரையை விற்கத் தொடங்கிய பிறகு, சுற்றியிருந்த கடைகளுக்கு மாதாமாதம் என்ன ஆனது என்பதையாவது எண்ணாகக் காட்டியிருக்கலாம். அந்தச் சர்க்கரை கதை உங்கள் கேள்விக்குப் புறம்பானது, நிறுத்திக்கொள்கிறேன்.

இதெல்லாம் யாருக்கு வேண்டும் என்று தோன்றலாம். விலைவாசிக் குறியீட்டில் அரிசிக்கு எவ்வளவு கனம், பேருந்துக் கட்டணத்துக்கு எவ்வளவு கனம் என்பதை இப்படிப்பட்ட குடும்பச் செலவுக் கணக்குகளே முடிவு செய்கின்றன. தொழிலாளர்களுக்கான விலைக் குறியீட்டுக்கு நாட்டில் 88 மையங்கள் உண்டு. சேலம் அவற்றில் ஒன்று. அந்தக் குறியீட்டை வைத்துத்தான் மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படி கணக்கிடப்படுகிறது. சூரமங்கலத்திலிருந்து என் கடைக்கு வரும் ரயில்வே ஊழியர் அகவிலைப்படி உயர்ந்த மாதத்தில் பழைய பாக்கியைத் தீர்ப்பார். ஆகவே எனக்கு வேண்டும்.

உங்கள் கடைக்கு வந்தால், முந்தைய மாதக் கொள்முதல் பில்களையும் விற்பனை நோட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் நெரிசல் இல்லாத பிற்பகல் மூன்று மணிக்கு வரச் சொல்லுங்கள். எதிர்வீட்டார் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.