தனியே உண்ட மதியச் சோறு

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

ஏற்காட்டில் காபித் தோட்ட வேலையை விட்டு இரண்டு ஆண்டுகளுக்கு முன் சேலம் வந்தோம். கணவர் கொலுசுப் பட்டறைக்குப் போகிறார். நான் வீட்டில் மணி கோர்க்கிறேன். மகனுக்கு 16 வயது. மலையில் விடிந்தால் நான்கு பையன்கள் வாசலில் நிற்பார்கள். இங்கே ஓராண்டு முழுக்க யாரும் அவனைத் தேடி வரவில்லை. பள்ளியில் மதியச் சோற்றைக்கூடத் தனியாகத்தான் சாப்பிட்டானாம். பிறகு மூன்று பேர் பைக்கில் வந்து அழைத்துப் போனார்கள். துணை கிடைத்ததே என்று நானே மகிழ்ந்தேன். போன மாதம் திருட்டு பைக்குடன் நால்வரும் பிடிபட்டார்கள். இப்போது போனைப் பிடுங்கிவிட்டோம்; பள்ளி விட்டால் வீடுதான். அவன் பேசுவதே இல்லை. நாங்கள் செய்வது சரியா?

ஒரு தாய், சேலம்

அன்புச் சகோதரி,

அந்த மூவரிடமிருந்து பிரித்தது சரி. ஆனால் அவர்கள் வருவதற்கு முன்பிருந்த அதே தனிமையில் அவனைத் திரும்ப விட்டிருக்கிறீர்கள். மதியச் சோறு பற்றிய வரியை மூன்று முறை படித்தேன். ஓராண்டு ஒருவரும் ஏறிட்டுப் பார்க்காத பிள்ளையை யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டால், எங்கே என்று கேட்கவா தோன்றும்?

2005இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் கார் ஓட்டும் கணினி விளையாட்டை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் துணிந்த ஆபத்து வெகுவாகக் கூடியது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. உங்கள் மகன் தனியாக அந்த பைக்கைத் தொட்டிருப்பானா? நான் நம்பவில்லை.

சொந்தக்காரர்கள் ஜெயில் என்று பயமுறுத்தினால் கலங்காதீர்கள். 18 வயது நிறையாதவனின் வழக்கு, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும். அறிவுரை கூறி வீட்டுக்கு அனுப்பவும், ஆலோசனைக்கு அனுப்பவும் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் இடம் உண்டு. அவன் பெயரையோ படத்தையோ வெளியிடக் கூடாது.

வகுப்பு ஆசிரியரைப் பார்த்து, மதியம் அவன் யாரோடு உட்காருகிறான் என்று கேளுங்கள். கபடியோ கால்பந்தோ, ஏதாவது ஒரு அணியில் சேர்க்கச் சொல்லுங்கள். மாலையில் பட்டறைக்கு அவனை அழைத்துப் போய் அப்பா சற்று நேரம் பேச்சுத்துணையாக வைத்துக்கொள்ளட்டும். குற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

மலை நண்பர்களின் எண்கள் நீங்கள் பிடுங்கிய போனில்தானே இருக்கும்? உங்கள் எதிரிலேயே அவர்களை அழைத்துப் பேசட்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகனும் ஏற்காடு பஸ் ஏறட்டும். 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே அவனைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.