அட்டையில் யாருடைய பெயர்?

அன்புள்ள அக்கா,

கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதுகிறேன். வங்கியில் வேலை. இரவில் கதை எழுதுவேன், படமும் கீறுவேன். நாவல் எழுதுவதா, சிறுவர் புத்தகங்களுக்குப் படம் கீறுவதா? எதை நம்பி வேலையை விடலாம்? கணினியில் கீறுவது சரியா? எழுத்தாளர் என்றால் ஒரு மரியாதை இருக்கிறது. கீறுகிறவரை யார் தேடுகிறார்கள்? ஒரு படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள பிள்ளை,

வேலையை விடவேண்டாம். தமிழில் நாவல் எழுதி இந்தக் கொழும்பில் வீட்டு வாடகை கட்டியவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. கணினியில் கீறலாமா? தாராளமாகக் கீறும்.

‘கீறுகிறவரை யார் தேடுகிறார்கள்’ என்ற வரிதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. போன கிழமைதான் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது என் முதல் சிறுவர் கதைக்கான பென்சில் படங்கள் கையில் வந்தன.

அவற்றைக் கீறியவர் வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதையோரம் ஒரு மாடி அறையில் இருந்தார். ரயில் போகும்போது தண்ணீர்க் கோப்பை அதிரும். தூரிகையைத் தூக்கிப் பிடித்தபடி அது போய் முடியும்வரை பொறுத்திருப்பார். ‘நனைந்த காகம் பசியோடு குழாயின்மேல் தனியே இருந்தது’ என்று நான் எழுதியிருந்தேன். அவர் காகத்தைக் கீறினார். ஒரு சிறகை மட்டும் கொஞ்சம் தொங்கவிட்டார். “இனி இந்த வரி வேணுமா?” என்று கேட்டார். எனக்குச் சரியான கோபம். வீட்டுக்கு வந்து அந்த வரியை வெட்டினேன். பிறகு பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினால், அந்தப் பக்கத்தில்தான் விரலை வைத்து, “காகத்துக்கு என்ன?” என்று கேட்பார்கள்.

புத்தகம் வந்தது. அட்டையில் என் பெயர் மட்டும். அவர் பெயர் உள்ளே, அச்சக முகவரிக்குக் கீழே, எறும்பளவு எழுத்தில். ஒரே தடவை ஒரு சிறு தொகை கொடுத்தார்கள். மறுபதிப்புக்கு ஒரு சதமும் இல்லை. முதல் புத்தகம் என்ற பயத்தில் நான் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவரிடம் இன்னொரு கதையோடு போக எனக்கு முகமில்லை.

எழுதுகிறவர் பெரியவர், கீறுகிறவர் சின்னவர் என்று உமக்கு யார் சொன்னது? சிங்களச் சிறுவர் புத்தகங்களுக்குப் பேர்போன சிபில் வெத்தசிங்க படம் கீறித்தான் தொடங்கினார். 1956இல் அவரே எழுதிக் கீறிய ‘குட ஹொரா’வை, அதுதான் ‘குடைத் திருடன்’ கதையை, எடுத்துப் பாரும். குடையே கண்டிராத ஊரில் சனங்கள் வாழையிலையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு மழையில் போகிறார்கள். அதில் கதை எவ்வளவு, படம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் ஓவியத்துக்கும் பதிப்புரிமை உண்டு. கீறியவர் இறந்து 70 வருடம்வரை அது நிற்கும். ஆகவே யார் வந்து கேட்டாலும் முதலில் எழுத்தில் ஒப்பந்தம். பெயர் அட்டையில், எழுத்தாளரின் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவில். மூலப் படங்கள் திரும்ப உமது கைக்கு. விற்கிற ஒவ்வொரு பிரதியிலும் பங்கு, மறுபதிப்பிலும். ‘சின்ன வேலைதானே, தங்கச்சி’ என்று சொல்கிறவருக்குக் கீறிக் கொடுக்காதேயும். எழுத்தாளர் மறுத்தால் அவரோடும் சண்டை பிடியும், அது நானாக இருந்தாலும்.

நீர் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பஸ் யன்னலில் மூக்கை அழுத்தி நிற்கும் ஆட்டுக்குட்டி. மூச்சுப்பட்டுக் கண்ணாடி மங்கியிருப்பதைக்கூடக் கீறியிருக்கிறீர். மூலையில் பெயரைத்தான் காணவில்லை. எழுதி மறுபடி அனுப்பும்.